சத்துக்கணக்கின் வரலாறு: சிறைச்சாலை முதல் குன்னூர் வரை

கலோரி, புரதம், வைட்டமின், நார்ச்சத்து, பரிந்துரை அளவு என்று பிஸ்கட் உறையிலும் மருத்துவமனை உணவுச் சீட்டிலும் அரசுத் திட்ட அறிக்கையிலும் இன்று காணப்படும் கருத்துகள் யாவும் கடந்த இருநூறு சொச்சம் ஆண்டுகளில் உருவானவை. இவற்றுக்குப் பெயர் வைத்தவை ஆய்வுக்கூடங்கள். தேவை எழுந்த இடங்களோ சிறைச்சாலை, படைமுகாம், பஞ்ச நிவாரண முகாம், தோட்டத் தொழிலாளர் லயம், மனநோயாளர் விடுதி. வீட்டில் சாப்பிடுகிறவருக்குப் பசியே அளவு சொல்லிவிடும். ஒருவருடைய சோற்றை இன்னொருவர் அளந்து போடும் இடத்தில்தான் எவ்வளவு போட்டால் போதும் என்ற கேள்வி வருகிறது. உணவுக் கலைச்சொற்களின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறு.

இவற்றுள் மூத்தது கலோரி. உடல் ஓர் எரிகலம் என்ற கருத்தைச் சோதனையால் நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலர் அந்துவான் லவாசியே. கணித அறிஞர் லாப்லாஸுடன் சேர்ந்து 1782-83 குளிர்காலத்தில், சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் உருகி வழிந்த நீரை அவர் எடை போட்டார். அந்த விலங்கு தந்த வெப்பத்தையும், அது வெளிவிட்ட அதே அளவு கரியமில வாயுவைத் தரும் கரி எரியும்போது வரும் வெப்பத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று அவர் முடிவுகட்டினார். வெப்பத்துக்கான அலகாகக் கலோரியை 1820-களில் பாரிஸ் விரிவுரைகளில் வரையறுத்தவர் நிக்கோலா கிளெமான். ஒரு கிலோ நீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது. பின்னர் வேதியியலர் ஒரு கிராம் நீருக்கு அதே பெயரில் சின்ன அலகு ஒன்றை வைத்துக்கொண்டதால் குழப்பம் பிறந்தது. இன்று உறைகளில் கிலோகலோரி என்று அச்சிடப்படுவதும், பேச்சில் வெறுமனே கலோரி என்று சொல்லப்படுவதும் கிளெமானின் பெரிய அலகுதான்.

இந்த அலகு விரிவுரை அறையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியில் மாக்ஸ் ரூப்னர் 1880-களில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவை உடலில் தரும் வெப்பத்தைத் தனித்தனியே அளந்தார். அந்த முறையைக் கற்றுக்கொண்டு அமெரிக்கா திரும்பிய வில்பர் அட்வாட்டர், கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில், ஒரு மனிதர் நாள்கணக்கில் தங்கி உண்டு உறங்கி உழைக்கக்கூடிய வெப்ப அளவி அறை ஒன்றை அமைத்தார். உள்ளே போன உணவு, வெளியே வந்த கழிவு, மூச்சு, வெப்பம் அனைத்தும் அளக்கப்பட்டன. அதிலிருந்து வந்தவைதான் இன்றும் உலகமெங்கும் பயன்படும் மூன்று எண்கள்: ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி. கழிவில் வீணாகும் பங்கைக் கழித்த பின் கிடைக்கும் சராசரிகள் இவை. அன்றைய அமெரிக்கக் கலப்புணவை உண்டவர்களிடமிருந்து பெறப்பட்டவை என்பதால் ஒவ்வொரு பண்டத்துக்கும் துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அட்வாட்டரின் கவலை தொழிலாளியின் கூலியைப் பற்றியது. 1896-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அவருடைய அட்டவணை, ஒரு காசுக்கு அதிக எரிசக்தி தரும் பண்டம் எது என்று பார்க்க உதவியது. அந்தக் கணக்கில் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் லாபம், பழமும் கீரையும் நட்டம். ஏழைகள் பணத்தை ஆரஞ்சுக்கும் பச்சைக் காய்களுக்கும் செலவிடுவது வீண் என்று அந்தத் தலைமுறை அறிஞர்கள் மனதார நம்பினார்கள். கலோரி என்ற அளவு எதைக் காட்டியதோ அதைத் தெளிவாகக் காட்டியது. அது காட்டாததும் உண்டு என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை.

புரதத்தின் கதை இதற்கு இணையாக ஓடியது. உணவுப் பொருள்களை இனிப்பு வகை, நெய் வகை, முட்டை வெண்கரு வகை என்று மூன்றாகப் பிரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட், ஆண்டு 1827. மூன்றாவது வகைக்கு இன்றைய பெயர் 1838-இல் வந்தது. சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் முன்மொழிய, டச்சு அறிஞர் முல்டர் அதை அச்சில் ஏற்றினார். கிரேக்கத்தில் முதன்மையானது என்று பொருள்படும் அந்தப் பெயரின் செல்வாக்கும், தசை உழைக்கும்போது புரதமே செலவாகிறது என்ற ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் கோட்பாடும் சேர்ந்து புரதத்துக்குத் தனி மரியாதையைத் தேடித்தந்தன. லீபிக்கின் கோட்பாடு பின்னர் பொய்த்தது, மரியாதை குறையவில்லை. மியூனிக் நகரில் கார்ல் ஃபாய்ட், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் தேவை என்றார். நன்றாகச் சாப்பிட்ட ஜெர்மானியத் தொழிலாளர்கள் வழக்கமாக உண்ட அளவையொட்டி வந்த எண் அது. வழக்கம் தேவையாகப் பதிவானது.

புரதம் நேரடியாக அளக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பண்டத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவதே நெடுங்கால வழக்கம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதே இதன் அடிப்படை. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம், ஆகவே தண்ணீர் கலந்த பாலும் சோதனையில் புரதம் நிறைந்ததாகத் தெரிந்தது. குழந்தைகள் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தார்கள்.

நைட்ரஜன் பற்றிய வாதம் தமிழ்நாட்டின் மிகக் கொடிய ஆண்டுகளில் உயிர்ப் பிரச்சினையாகவே வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, செலவைக் கட்டுப்படுத்த அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்தார். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவழித்து மக்களைக் காப்பாற்றியதற்காக வசைபட்ட அதிகாரி அவர். இந்தக் குறைப்பை எழுத்தில் எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். அவருக்கு இது புதுப் பொருளன்று. 1863-லேயே சென்னை மாகாண மக்களின் உணவையும் ஜில்லாச் சிறைகளின் சாப்பாட்டு அளவையும் ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். மண் வெட்டுகிறவருக்கும் கல் உடைக்கிறவருக்கும் ஒன்றரைப் பவுண்டு தானியமும், நைட்ரஜனுக்காகப் பருப்பும், காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சிறைக் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைவான உணவைக் குற்றமற்ற குடியானவருக்குக் கொடுத்துப் பளு வேலை வாங்கினால் உடல் தேய்ந்து சாவார் என்பதை அவர் முகாம்களில் கண்ணால் கண்டார்.

அந்த ஒரு பவுண்டை இன்றைய அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். சுமார் 454 கிராம் அரிசியில் ஏறக்குறைய 1,560 கிலோகலோரியும் 31 கிராம் புரதமும் இருக்கும். கடின உழைப்பு செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு 3,470 கிலோகலோரி. பஞ்சத்தில் மெலிந்த உடலின் குறைந்த எடைக்கு எவ்வளவு கழித்தாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மூடாது. அந்த அளவுக்கூலி சில மாதங்களில் உயர்த்தப்பட்டது. கலோரி என்ற அளவு தட்டுக்கு வருவதற்கு முன்பே, ஒரு மருத்துவர் கண்ணும் மனசாட்சியும் கொண்டு எட்டிய முடிவு சரியானது என்பது பிற்கால எண்களால் உறுதியாகிறது.

கலோரியும் புரதமும் போதுமான அளவில் இருந்தும் மனிதர்கள் நோயுற்றுச் சாகிறார்கள் என்பது புரிய அரிசிதான் காரணமாயிற்று. கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் பெரிபெரி நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவின் படைமுகாம்களையும் கப்பல்களையும் சிறைகளையும் சூறையாடியது. நீராவி ஆலைகள் பரவிய காலமும் அதுவே. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி பூச்சியரிக்காமல் அதிக நாள் இருக்கும், மூட்டையாகத் தொலைதூரம் போகும். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறவர்கள் அதையே வாங்கினார்கள்.

டச்சு அரசு 1886-இல் ஜாவாவின் பதாவியா நகருக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பிய குழுவில் இருந்த இளம் மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரெனக் கால் தள்ளாடி விழத் தொடங்கின, சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்ததில், இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் பட்டாளத்துச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்ததால் மறுபடியும் தவிடு நீக்காத அரிசி வந்திருந்தது. இது மனிதருக்கும் பொருந்துமா என்று அறிய, அவருடைய நண்பரும் ஜாவாவின் மருத்துவ ஆய்வாளருமான அடால்ஃப் ஃபோர்டர்மன் 101 சிறைகளின் பதிவேடுகளைத் தொகுத்தார். கைதிகள் ஏறத்தாழ 2,80,000 பேர். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்கு நோய் கண்டிருந்தது. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்துக்கு ஒருவர்.

எய்க்மன் இதற்குத் தந்த விளக்கம் தவறு. மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று அவர் எண்ணினார். உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தவிட்டில் இருக்கிறது, அது இல்லாமைதான் நோய் என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த ஹெரிட் கிரெய்ன்ஸ். ஒரு பொருளின் இருப்பால் நோய் வரும் என்பது கிருமிக் கோட்பாட்டின் பொற்காலத்தில் எல்லாருக்கும் எளிதில் விளங்கியது. ஒன்று இல்லாததால் நோய் வரும் என்பதை ஏற்கப் பலருக்கு நெடுநாள் பிடித்தது.

இதே புதிர் மலாயாவில் தமிழர்களை மையமாக வைத்து அவிழ்ந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனர்டு பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில், ஒரே ஊரில், ஒரே வெயிலில் உழைத்தும் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிவதையும் தமிழ்த் தொழிலாளர்கள் தப்புவதையும் கவனப்படுத்தினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் ஃபிளெச்சர் 1905 முதல் ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் பரவி உயிர்கள் போயின, மறுபிரிவு நலமாக இருந்தது. ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டுக்குள் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே அதையே 1909-க்குள் உறுதிப்படுத்தினார்கள். தாம் எதற்கு உட்படுகிறோம் என்று அறியாதவர்கள்மீது நடந்த சோதனைகள் இவை. இன்றைய மருத்துவ அறம் இவற்றை அனுமதிக்காது. உலகம் பெற்ற அறிவுக்கு விலை கொடுத்தவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

புழுங்கலரிசியில் நடப்பது இதுதான். நெல்லை ஊறவைத்து, உமியோடே அவித்து, காயவைத்துக் குத்தும்போது, தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள நீரில் கரையும் சத்து அரிசியின் உள்ளே ஊறிப்போகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. இந்திய அட்டவணைகளின்படி பெரிபெரியைத் தடுக்கும் அந்தச் சத்தான தயமின் 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27. நெல் அவிப்பவர்கள் இந்த நோக்கத்தோடு அவிக்கவில்லை. அரிசி நொறுங்காமல் இருக்கவும், குத்துவது எளிதாகவும், அந்துப் பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கவும் செய்தார்கள். காக்கப்பட்ட உயிர்கள் அந்தப் பழக்கத்தின் உபரிப் பயன்.

போலந்தில் பிறந்து லண்டன் லிஸ்டர் நிலையத்தில் தவிட்டுச் சாற்றை ஆராய்ந்த காசிமிர் ஃபுங்க், இல்லாமையால் நோய் தரும் இப்பொருள்களுக்கெல்லாம் சேர்த்து 1912-இல் வைட்டமின் என்று பெயரிட்டார். மறு ஆண்டே வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் வளர்ச்சிக்குத் தேவையான இன்னொன்று இருப்பதை விஸ்கான்சினில் எல்மர் மக்காலமும் மார்கரீட் டேவிஸும் கண்டார்கள். கொழுப்பில் கரைவது ஏ, நீரில் கரைவது பி என்று எழுத்துப் பெயர்கள் வந்தன. 1920-இல் ஜாக் டிரம்மண்ட் இவற்றை ஒழுங்குபடுத்தி, ஸ்கர்வி நோயைத் தடுப்பதற்குச் சி என்று சேர்த்தார். பி என்று நினைத்தது பின்னர் பல பொருள்களின் கலவை என்று தெரிந்து பி1, பி2 என்று உடைந்தது. இடையில் பி4, பி8 போன்ற எண்கள் இன்று வைட்டமின் பட்டியலில் காணப்படாததற்குக் காரணம், அப்பெயர் பெற்றவை வைட்டமின்களே அல்ல என்று பின்னர் தெரிந்ததுதான். பெரிபெரியைத் தடுக்கும் பி1, அதாவது தயமின், 1926-இல் பதாவியாவில் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் கட்டமைப்பை அவிழ்த்து 1936-இல் செயற்கையாக ஆக்கியவர் ராபர்ட் ரனல்ஸ் வில்லியம்ஸ். சென்னை மாகாணத்தின் நெல்லூரில் 1886-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1910-இல் மணிலாவில் தவிட்டுச் சாற்றைச் சாகக் கிடந்த கைக்குழந்தைகளுக்குப் புகட்டி, அவை பிழைப்பதைக் கண்ட நாளிலிருந்து கால் நூற்றாண்டு இதே வேலையாக இருந்தார்.

நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே ஒரே அறையில் 1918-இல் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கில்கித் மலைகளில் தொண்டைக்கழலை நோயை ஆராய்ந்தவர். குன்னூரின் அந்த அறை 1928-இல் சத்துணவு ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற முழு நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய அரிசி தின்ற புறாக்களின் குடலும் சுரப்பிகளும் சிதைவதை மெக்கரிசன் உறுப்பு உறுப்பாகப் பதிந்தார். குறை என்பது ஒரு நோயோடு நிற்பதில்லை, பெயர் வைக்க முடியாத மெலிவாக உடல் முழுக்கப் பரவுகிறது என்பது அவருடைய பெரிய பங்களிப்பு.

பெரும் புகழ் தேடித்தந்த அவருடைய சோதனை வேறு. இந்தியாவின் பல பகுதிகளின் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவுகள் அவை. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய் அடங்கிய சீக்கிய உணவு தின்ற எலிகள் எடையில் முதலாக நின்றன. களைந்து வடித்த வெள்ளைச் சோற்றை நம்பிய வங்க, சென்னை உணவுகள் கடைசி. சோதனையின் எண்களில் குறை இல்லை, அதைச் சுற்றி எழுந்த பேச்சில் குறை உண்டு. போர்க்குணம் கொண்ட இனம், கொள்ளாத இனம் என்று பட்டாளத்துக்கு ஆள் பொறுக்கிய காலம் அது. இந்த வரிசையை அந்தப் பிரிவினைக்குச் சான்றாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். பாலும் வெண்ணெயும் வாங்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் உள்ள வேறுபாடே எலிகளின் எடையில் பெரிதும் தெரிந்தது. தமிழ்நாட்டிலேயே நிலமுள்ளவர் வீட்டுச் சாப்பாடும் கூலிக்காரர் வீட்டுச் சாப்பாடும் ஒரே பெயரின்கீழ் அடங்காது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதே ஆண்டுகளில் பம்பாயில் நெசவாலைப் பெண் தொழிலாளர்களிடம் கர்ப்ப காலத்தில் வரும் கடும் இரத்தச்சோகையை ஆராய வந்தார். குன்னூரிலும், சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணி தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931-இல் அறிவித்தார். அதில் இருந்த பொருள் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு 1941-இல் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

மெக்கரிசனுக்குப் பின் 1935-இல் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு, சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்தவர். எலிக் கூண்டைவிட்டுக் கிராமத்து அடுப்படிக்கு ஆய்வைக் கொண்டுபோனவர் என்று அவரைச் சொல்லலாம். பி. ஜி. கிருஷ்ணனும் அவரும் தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பானையில் போகும் அரிசியையும் பருப்பையும் எடைபோட்டார்கள். 1937-இல் அவர் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துமதிப்பு பற்றிய 23-ஆம் எண் சுகாதார வெளியீடு கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, அகத்தி, கொள்ளு என்று இந்நாட்டார் உண்மையில் உண்ணும் பண்டங்களின் சத்தை ஓர் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இங்குள்ள மருத்துவர்கள் ஐரோப்பிய எண்களை வைத்தே கணக்குப் போட்டார்கள். சரிவிகித உணவு என்ற கருத்தும் அந்த வெளியீட்டின் மாதிரிப் பட்டியல்கள் வழியாகவே பாடநூல்களுக்குப் பரவியது. அந்தச் சரிவிகிதம் பெரும்பாலான குடும்பங்களின் வருமானத்துக்கு எட்டாதது என்பதையும் அய்க்ராய்டு மறைக்கவில்லை. பின்னர் 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, 1946-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் முதல் சத்துணவுப் பிரிவு இயக்குநரானார்.

அவருடைய குழுவின் 1940 அரிசி அறிக்கை பெரிபெரியின் வரைபடத்தை முழுமையாக்கியது. சென்னை மாகாணத்துக்குள்ளேயே ஆலைப் பச்சரிசி உண்ட வட சர்க்கார் பகுதியில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், நோய் நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெரிதும் தப்பின. அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் இருக்கும் தயமினும் போய்விடும் என்பதும் அளந்து காட்டப்பட்டது. களைந்த நீரை மாட்டுக்கு ஊற்றிய வீடுகளில் மாடு பெற்றதை மனிதர் இழந்தார்கள்.

குன்னூர்க் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்த மாற்றக் காலத்தின் பெரிய பெயர் சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன். உலகம் அப்போது புரதப் பஞ்சம் என்ற அச்சத்தில் இருந்தது. ஆப்பிரிக்காவின் கானாவில் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் விவரித்த குவாஷியார்க்கர் நோய், அதாவது குழந்தையின் உடல் வீங்கித் தோல் உரியும் நோய், புரதக் குறைவாகக் கருதப்பட்டது. புரதநெருக்கடி வருகிறது என்று ஐ.நா. 1968-இல் எச்சரித்தது. நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவும் மீன்மாவும் பால்மாவும் தீர்வாக முன்வைக்கப்பட்டன. கோபாலன் இந்தியக் குழந்தைகளின் உணவை அளந்து எளிய உண்மையைச் சொன்னார். சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதம் பெரும்பாலும் தானாகக் கிடைத்துவிடும். குழந்தைக்கு வயிறு நிறையவில்லை என்பதே பிரச்சினை. எரிசக்தி பற்றாதபோது உண்ட புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடுகிறது. உலக அமைப்புகள் 1970-களின் தொடக்கத்தில் புரதத் தேவையின் அளவைக் குறைத்தன. 1974-இல் டொனால்டு மெக்லாரன் முந்தைய இருபதாண்டுப் போக்கையே பெரும் தோல்வி என்று மருத்துவ இதழில் எழுதினார். வறுமையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தனிச் சத்து ஒன்றின் பெயர் வந்து அமர்ந்துகொண்டதால் வீணான ஆண்டுகள் அவை.

கலோரி அதற்குப் பிறகு பொருளாதாரத்துக்குள் நுழைந்தது. பொருளாதார அறிஞர்கள் தண்டேகரும் நீலகண்ட ராத்தும் 1971-இல் 2,250 கிலோகலோரியை வைத்து இந்திய வறுமையைக் கணக்கிட்டார்கள். திட்டக் குழு அமைத்த பணிக்குழு 1979-இல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 என்று கோடு போட்டது. டெண்டுல்கர் குழு 2009-இல் அந்தக் கோட்டைக் கைவிடும்வரை, யார் ஏழை என்பதைத் தீர்மானித்ததில் கிளெமானின் அலகுக்குப் பங்கு இருந்தது. தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியிலும் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்த பள்ளிச் சாப்பாடு பின்னர் நாடு தழுவிய திட்டமானபோது, அதன் அளவும் இதே மொழியில் எழுதப்பட்டது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 கிலோகலோரி, 12 கிராம் புரதம், நடுநிலைப்பள்ளியில் 700 கிலோகலோரி, 20 கிராம் புரதம்.

மிகுதியின் நோய்கள் பெருகிய பின் வந்த சொற்கள் இளையவை. 1953-இல் முதலில் எழுதப்பட்ட நார்ச்சத்து என்ற கருத்து, உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் 1970-களில் பேசிய பிறகே பரவியது. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸை 100 ஆக வைத்துச் சொல்லும் கிளைசெமிக் குறியீடு 1981-இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினரால் உருவானது. இந்திய உறைகளில் இன்று காணப்படும் சதவீதங்கள் நாளுக்கு 2,000 கிலோகலோரி, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அளவுகளோடு ஒப்பிட்டவை. யாருடைய வயதையும் உழைப்பையும் அவை அறியா.

அன்றாடத் தேவை என்ற சொல்லும் இக்காலத்தில் இரண்டாகப் பிரிந்துள்ளது. அமெரிக்கா போர்க்காலத்தில், 1941-இல், பரிந்துரை அளவுகளை வகுத்தது. இந்தியாவில் 1944-இல் முதல் பட்டியல் வந்தது. 2020-ஆம் ஆண்டுப் பட்டியல் சராசரித் தேவை, பரிந்துரை அளவு என்ற இரண்டு எண்களைத் தருகிறது. சராசரித் தேவை ஒரு மக்கள்தொகையில் பாதிப் பேருக்குப் போதுமானது. பரிந்துரை அளவு நூற்றில் 97 பேருக்கு மேல் போதுமானது. புரதத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் முதலாவது 0.66 கிராம், இரண்டாவது 0.83 கிராம். ஆகவே பரிந்துரை அளவுக்குச் சற்றுக் கீழே உண்பவர் எல்லாரும் குறைபாடு உள்ளவர் என்று எண்ணினால் ஊரில் பலர் தவறாக நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். எரிசக்திக்கு மட்டும் பரிந்துரை அளவு தனியாக வைக்கப்படவில்லை. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு கலோரியும் கொழுப்பாகச் சேரும் என்பதால் அங்கே சராசரியே எல்லை. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு அது 2,110, பெண்ணுக்கு 1,660.

அய்க்ராய்டின் அட்டவணையை 1971-இல் கோபாலனும் சக ஆய்வாளர்களும் விரித்து எழுதினார்கள். அதன் வழித்தோன்றலான 2017-ஆம் ஆண்டு இந்திய உணவுச் சேர்மான அட்டவணை, நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்துச் சந்தைகளிலிருந்து சேகரித்த 528 பண்டங்களை அடக்கியது. அதில் எரிசக்தி கிலோஜூலில் தரப்பட்டுள்ளது. ஒரு கிலோகலோரிக்கு 4.184 கிலோஜூல். உணவு உறைகள் இன்னும் கிலோகலோரியிலேயே அச்சாகின்றன.